கேட்காமல் எடுத்த உயிர்கள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள், அதுவும் கொஞ்ச நேரம் தூங்கட்டும். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றுக்காக ஒரு புருஷனும் பெண்சாதியும் மல்லுக்கு நின்ற கதையைச் சொல்கிறேன். கேட்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைவதற்குள் ஒரு குடும்பம் நிற்குமா உடையுமா என்பது தெரிந்துவிட்டது.

அன்றைக்குக் காலையிலேயே வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது. மூன்றாவது மாடியிலிருந்து பல்லுக்காரியின் சாமான்கள் ஒவ்வொன்றாய் இறங்கிக்கொண்டிருந்தன. பல்லுக்காரி என்றால் எல்லோரிடமும் பல்லைக் காட்டுகிறவள் இல்லை. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவள். மெழுகில் ஒவ்வொரு பல்லாய் நட்டு, மேலும் கீழும் பொருந்துகிறதா என்று விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துச் செதுக்குகிற கை. அவசரம் என்பதே அந்தக் கைக்குத் தெரியாது. அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். அதனால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பல்லுக்காரி, அவன் லிஃப்ட்காரன். அவர்கள் கட்டிடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது என்பது வேறு வேடிக்கை.

வண்டியைக் கொண்டுவந்தவள் பல்லுக்காரியின் அக்கா. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். லீவு நாளாகப் பார்த்து, பின் சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தாள். நாற்பது பிள்ளைகளை ஓர் அதட்டலில் உட்கார வைக்கிற தொண்டை அவளுக்கு.

"துணி ஆச்சு, மிஷின் ஆச்சு, பாத்திரம் ஆச்சு. டிவிக்குக் கீழே அது என்னடி? அதை விட்டுட்டே?"

பல்லுக்காரி குனிந்து, அந்தப் பழைய கேம் பெட்டியின் ஒயரில் கை வைத்தாள். அதுவரைக்கும் உள்ளறைக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தரையையே பார்த்திருந்த லிஃப்ட்காரன், அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"பெட்டி உன்னுது. எடுத்துக்கோ. உள்ளே இருக்கிற கேசட் என்னுது."

போன மாதத்துக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"நல்லாருக்கே நியாயம்!" என்றாள் அக்கா. "கேசட் இல்லாத பெட்டிய வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா, சோப்பு வைக்கிறதா? பெட்டி இல்லாத கேசட்டை வச்சு நீ என்ன பண்ணப் போற தம்பி, விசிறிக்கவா?"

பல்லுக்காரி ஒயரை விடவில்லை.

ஆனால் அவன் சொன்னது பொய்யும் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் பெட்டி அவள் வீட்டில் இருந்தது, கேசட் அவன் வீட்டில் இருந்தது. மத்தியானம் பெரியவர்கள் கண் அசந்ததும் அவன் கேசட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருவான். அவள் வாங்கி, அடிப்பக்கத்தில் ஊதி, அழுத்திச் செருகுவாள். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படம் எந்தக் காலத்திலோ கிழிந்துவிட்டதால் அந்த ஆட்டத்துக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. 'தண்ணி ஆட்டம்' என்றுதான் அவர்கள் சொல்வார்கள். கையில் ஈட்டியோடு இரண்டு முத்துக்குளிப்பவர்கள், ஒருவன் சிவப்பு, ஒருவன் நீலம். முகம்கூடக் கிடையாது; கட்டம் கட்டமாய் நாலு புள்ளி சேர்ந்தால் அதுதான் ஆள். கடலுக்குள் இறங்கிக்கொண்டே போவார்கள். நண்டு வரும், மின்சார விலாங்கு வரும், கடைசியில் திரையை அடைத்துக்கொண்டு ஓர் ஆக்டோபஸ் வரும். அதைத் தாண்டி அவர்கள் ஒருநாளும் போனதில்லை.

போகாததற்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து உயிர். ஒருவருடைய உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால், ஒரு பொத்தானை அமுக்கி அடுத்தவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஆட்டத்தில் சட்டம் ஏதும் இல்லை. நீலக்காரன் அடித்துப் பிடித்து முன்னால் பாய்ந்து, தன்னுடையதை எல்லாம் தொலைத்துவிட்டு, டக்கென்று அந்தப் பொத்தானை அமுக்குவான்.

"ஏண்டா என் லைஃப எடுத்தே?" என்பாள் அவள்.

"நீதான் நிறைய வச்சிருக்கியே!" என்பான் அவன்.

ஆக்டோபஸிடம் போய்ச் சேரும்போது இரண்டு பேரிடமும் ஒன்றும் மிச்சமிருக்காது.

சின்ன வயசில் அது சிரிப்பாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் சிரிப்பாகத்தான் இருந்தது. அவள் பட்டறைக்குப் போயிருக்கும்போது சோபாவை மாற்றிவிட்டு, "எப்படி?" என்று நிற்பான். அவளுடைய ஒரே ஒரு லீவு நாளை எந்த நண்பன் வீட்டுக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு, "கிளம்பு, கிளம்பு" என்று வருவான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது அவனிடம். அதுதான் தொல்லை. கெட்டது செய்கிறவனை எதிர்த்து நிற்கலாம். நல்லது செய்கிறவனை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது?

போன மாதம் ஒரு சாயங்காலம், அவள் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டும் ஈரமுமாக வெளியே வந்தாள். கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் வீட்டுச் சொந்தக்காரர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு குடும்பம். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், அளவு நாடாவை இழுத்து, "ஏங்க, நம்ம ஃப்ரிட்ஜ் இந்த மூலையில நிக்கும்ல?" என்று தன் புருஷனைக் கேட்டாள். பல்லுக்காரி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தன் சமையலறையைப் பிறத்தியார் அளக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லிஃப்ட்காரனுக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்திருந்தது. கம்பெனிக்குச் சரி சொல்லிவிட்டான். வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டான். பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லவில்லை.

"உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றான் அன்று இரவு.

அதோடு அந்த வீட்டில் பேச்சு நின்றது. அவள் ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அக்காவுக்குப் போனில், "என்னை வந்து கூட்டிட்டுப் போ" என்றாள்.

இப்போது அந்த ஒயரைப் பிடித்தபடி அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இழுக்க வந்த கையால் அதை டிவிக்குப் பின்னால் அழுத்திச் செருகினாள்.

"சரி. ஆடி முடிவு பண்ணிக்கலாம்" என்றாள்.

"என்னடி இது கூத்து?" என்றாள் அக்கா. "வண்டியப் பாதி ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன்."

"கொஞ்ச நேரம் பொறுக்கா." அவள் அவனைப் பார்த்தாள். "யாரு கடைசி வரைக்கும் உயிரோட நிக்கிறாங்களோ அவங்களுக்குப் பெட்டி, கேசட் ரெண்டும். நான் ஜெயிச்சா இன்னொண்ணும் இருக்கு. நீ எனக்குப் போன் பண்ணக் கூடாது. அக்கா வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது. இத்தோட சரி."

அவன் நிலையை விட்டு முன்னால் வந்தான். "நான் ஜெயிச்சா?"

"நீ என்ன சொல்லணுமோ சொல்லு. குறுக்கே பேசாம உட்கார்ந்து கேக்குறேன். ஒரு தடவ."

அவள் அவனைவிட நன்றாக ஆடுகிறவள். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அவன் சரி என்று தலையை ஆட்டினான். ஆட்டாமல் வேறென்ன செய்வான், இதை விட்டால் அவனுக்குப் பேச வழி இல்லையே.

வெறுமையான கூடத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சோபா ஏற்கெனவே கீழே போயிருந்தது. அவள் சிவப்பு, அவன் நீலம். அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேசட்டைக் கழற்றி அவளே ஊதிச் செருகினாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரை ஒருமுறை கலங்கித் தெளிந்தது. டிங் டிங் என்று அந்தப் பழைய பாட்டு, ஒற்றை விரலால் வாசிக்கிற மாதிரி ஒரு பாட்டு, கூடத்தின் காலிச் சுவரில் பட்டு எதிரொலித்தது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். "இதுக்கா இவ்வளவு சண்டை? பசங்களுக்கு மூஞ்சியே இல்லையேடி."

மூஞ்சி இல்லைதான். பல்லுக்காரியின் கைப்பேசியிலும் புது ஆட்டங்கள் இருந்தன. தண்ணீர் என்றால் தண்ணீர் மாதிரியே அலை அடிக்கும், மீன் கண் சிமிட்டும். தோற்றுப்போனால் 'பரவாயில்லை, நீங்கள் அருமையாக ஆடினீர்கள்' என்று தட்டிக்கொடுக்கும். ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் இன்னோர் உயிர் தரும். அவள் ஒவ்வொன்றையும் கொஞ்ச நாள் ஆடிவிட்டு அழித்துவிடுவாள். இந்தப் பெட்டி யாரையும் தட்டிக்கொடுத்ததில்லை. தாட்சண்யம் பார்த்ததில்லை. முதல் நண்டு இடது பக்கப் பாறைக்கு அடியிலிருந்துதான் வரும். அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோதும் அங்கேயிருந்துதான் வந்தது, இன்றைக்கும் அங்கேயிருந்துதான் வந்தது. அது மாறவே மாறாது. அதனால் அதன் முன்னால் உட்காருகிறவர்கள் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். பொய் சொல்லாத கண்ணாடி மாதிரி அது.

கை மறக்கவில்லை. அவள் கட்டைவிரல் தானாக மடங்கியது. சிவப்பு ஆள் நண்டைத் தாண்டினான்.

"இடது" என்றாள், தன்னை அறியாமல்.

"பாத்துட்டேன்" என்றான் அவன், அவனும் தன்னை அறியாமல்.

இருவரும் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் தண்ணி ஆட்டத்தை வாயை மூடிக்கொண்டு ஆட முடியாது. ஒரு இடத்தில் இரும்புக் கதவு வரும். இரண்டு ஓரத்திலும் இரண்டு சக்கரம், இருவரும் ஒரே நொடியில் திருப்பினால்தான் திறக்கும். முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து.

"நான் சொன்னா திருப்பு" என்றாள். "இப்ப இல்ல. விலாங்கு போகட்டும். இன்னும் இல்ல... திருப்பு!"

திறந்தது. அக்கா தன் பங்குக்கு ஒரு பெருமூச்சு விட்டாள். "வண்டி ரோட்டுல நிக்குது" என்று ஞாபகப்படுத்தினாள், ஆனால் குரலில் பழைய அதட்டல் இல்லை. அவள் கண் திரையில் இருந்தது.

இரண்டாவது கதவில்தான் வம்பு வந்தது. மேலேயிருந்து ஒரு விலாங்கு சிவப்பு ஆளை நோக்கி நேராக இறங்கியது. அவள் பார்த்துவிட்டாள், ஒதுங்குவதற்கு இடம் வைத்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். அதற்குள் நீலக்காரன் பாய்ந்து வந்து நடுவில் விழுந்து, மின்சாரம் பட்டு, புள்ளி புள்ளியாய்ச் சிதறிப் போனான். ஏற்கெனவே மூன்றைத் தொலைத்திருந்தான். இப்போது அவனுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று.

"யாரு உன்னை வரச் சொன்னா?" என்று அவள் சீறினாள்.

"உன்மேல விழப் போச்சே!"

"விழாது. எனக்குத் தெரியும். உன்னைக் கூப்பிட்டேனா நான்? கூப்பிட்டேனா?"

"நல்லதுக்குத்தானே..."

"அதேதான்! எல்லாமே நல்லதுக்குத்தான்!" கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே அவள் பேசினாள்; விரல்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. "லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறியே, மேலே சுவிட்ச்கிட்ட நிக்கிறவன்கிட்ட கேக்காம கால வைப்பியா?"

"எப்படி வைப்பேன்? 'இறங்கட்டுமா'ன்னு குரல் கொடுத்து, அவன் 'இறங்கு'ன்னு சொன்னப்புறம்தான்."

"கேக்காம இறங்கினா?"

"நசுங்கிச் செத்துடுவேன்."

"வேலையில அவ்வளவு தெரியுது. வீட்ல மட்டும் ஏன் தெரியல?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பாட்டு நின்றுவிட்டது. அந்தப் பாட்டு நின்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். திரையின் அடியிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு இன்னொரு கை. பிறகு ஆக்டோபஸின் மொட்டைத் தலை.

"அம்மாடி!" என்றாள் அக்கா. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தே விட்டாள்.

நீலக்காரன் இந்த முறை முன்னால் பாயவில்லை. ஓரமாய் ஒதுங்கித்தான் நின்றான். ஆனாலும் மூன்றாவது கை சுற்றி வளைத்து அவனைப் பிடித்து நசுக்கியது. அவன் பக்கத்துத் திரை மங்கியது. நடுவில் ஓர் எண் தோன்றிக் குறையத் தொடங்கியது. அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அந்தப் பொத்தானை அமுக்கினால் அவளிடமிருந்து ஓர் உயிர் அவனுக்குப் போகும். அவளிடம் மூன்று இருந்தது.

அவள் காத்திருந்தாள். விரல் ஆக்டோபஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காது அவன் பக்கம் இருந்தது. அந்த 'டக்' சத்தத்தை அவள் பிறந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பது போல அவளுக்குத் தோன்றியது. இப்போது வரும். இதோ, இப்போது.

வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கட்டைவிரல் பொத்தானின் மேல் நின்றுகொண்டிருந்தது. அமுக்கவில்லை.

"எடுக்க வேண்டியதுதானே?" என்றாள். "என்ன புதுசா?"

"கேக்காம எடுக்க மாட்டேன்."

"அப்போ கேளு."

எண் குறைந்துகொண்டே வந்தது.

"கேட்டா நீ முடியாதுன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருக்கு" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "எப்பவுமே அதான். சோபாவுக்கும் அதான், வீட்டுக்கும் அதான். சர்ப்ரைஸ் எல்லாம் ஒண்ணும் இல்ல. உன்கிட்ட கேட்டா நீ வேண்டாம்பே. வேண்டாம்னு நீ சொன்னா அப்புறம் நான் எங்க போய் நிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அதனால நீ சொல்றதுக்குள்ள செஞ்சு முடிச்சிடுறது."

ஆக்டோபஸின் கை அவள் தலைக்கு மேல் உரசிக்கொண்டு போனது. அவள் தப்பினாள். எப்படித் தப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் இதை அவன் சொன்னதில்லை. அவளும் இப்படி இருக்கும் என்று நினைத்ததில்லை.

"கேளு" என்றாள் மறுபடி, மெதுவாக.

"எனக்கு ஒரு லைஃப் தரியா?"

அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். கொடுத்துவிடடி என்று அவளுக்கே வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

பல்லுக்காரி திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மாட்டேன்."

எண் பூஜ்யத்தைத் தொட்டது. நீலப் பக்கம் இருண்டது. ஆட்டத்தின்படி அவன் செத்துப்போனான். பந்தயத்தின்படி எல்லாம் முடிந்தது. பெட்டி அவளுக்கு, கேசட் அவளுக்கு, போன் வராது, வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். அவள் வேண்டும் என்று கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

இனி அவன் எழுந்திருப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்கும். கதவு அறைபடும். அதுதான் அவன் வழக்கம். தோள்பட்டையை இறுக்கிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள்.

"வலது பக்கம் கீழேயிருந்து ஒரு கை வருது" என்றான் அவன். "பாத்துக்கோ."

அவள் குதித்தாள். கை அடியில் போனது.

அவன் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. "அடுத்தது இடது. அது ரெண்டு தடவ வரும், முதல் தடவ நம்பாத" என்றான். அவள் நம்பவில்லை. "இப்ப தலையில அடி." அவள் அடித்தாள். அவளிடம் இருந்த மூன்றில் ஒன்று போனது. பிறகு இன்னொன்றும் போனது. அக்கா, "ஐயோ, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" என்று வேன் ஓட்டுகிற குரலில் கத்தினாள். கடைசி உயிரை வைத்துக்கொண்டு பல்லுக்காரி மெழுகில் பல்லை நடுகிற நிதானத்தோடு காத்திருந்து, ஆக்டோபஸ் வாயைத் திறந்த அந்த ஒரு கண்ணிமைப்பில் ஈட்டியை விட்டாள்.

மொட்டைத் தலை சுக்கல் சுக்கலாய் உடைந்தது. திரை வெள்ளையாகிப் பிறகு நீலமானது. கடலின் அடித்தரை. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். மணலில் ஒரு பெட்டி இருந்தது. சிவப்பு ஆள் போய்த் தொட்டான். பெட்டி திறந்தது. உள்ளே மஞ்சளாய் ஒரு சின்னச் சதுரம் மின்னியது. அவ்வளவுதான். மறு நிமிஷம் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது: மேலே வானம், கீழே தண்ணீர், இடது பக்கப் பாறைக்கு அடியிலிருந்து முதல் நண்டு, ஆனால் முன்னைவிட வேகமாக.

"இதுக்குத்தானா?" என்றாள் அக்கா.

பல்லுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சிரித்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அந்த மஞ்சள் சதுரத்துக்காகவா அத்தனை மத்தியானங்களும் ஒளித்துக் கொண்டுவந்த கேசட்டை வைத்து ஆடினார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் 'பாத்துக்கோ' என்று சொல்வானே, அதற்காக ஆடியிருப்பார்கள்.

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். பாட்டு பாதியில் அறுந்தது. கூடம் பழையபடி காலியானது.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் அவன்.

"கேளு."

"வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, காலி பண்ணலன்னு சொல்லிப் பாக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். "பாரு."

எல்லோரும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தான். வீட்டுக்காரர் இழுத்து இழுத்துப் பேசினார். "அடடா, வாக்குக் கொடுத்துட்டேனே தம்பி. அந்தம்மா ஃப்ரிட்ஜ் அளவு வரைக்கும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. முடியாதுப்பா."

"சரிங்க" என்று அவன் போனை வைத்தான். ஒரே காலையில் இரண்டு 'முடியாது'. இரண்டையும் வாங்கிக்கொண்டு அவன் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கூரை இடிந்து விழவில்லை.

"வீடு போச்சு" என்றான்.

"போச்சுதான்" என்றாள் அவள். அதை மழுப்ப அவளுக்கு மனசில்லை. "அந்த ஊருக்கு நான் வர மாட்டேன். என் பட்டறை இங்கதான் இருக்கு."

"அந்த வேலையை வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"அத என்கிட்ட கேக்காத. என் வீடுன்னா என்னைக் கேக்கணும். உன் வேலைன்னா நீதான் முடிவு பண்ணணும். அது உன் லைஃப்." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் புன்னகைத்தாள். "எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு ஒரேயடியா இன்னைக்கே வந்துடாது. பரவாயில்ல."

அவள் எழுந்து ஒயர்களைச் சுற்றினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. கேசட்டை உள்ளே வைத்தபடியே பெட்டியை எடுத்துத் துணி மூட்டைக்குள் செருகினாள், ஜெயித்தது ஜெயித்ததுதான். நீலத்துக்கான ஜாய்ஸ்டிக் தரையிலேயே கிடந்தது. அதையும் குனிந்து எடுத்துக்கொண்டாள். அவன் கண் அந்த ஜாய்ஸ்டிக்கின் கூடவே போனது.

"நீ போன் பண்ணாத" என்றாள். "அந்தப் பேச்சு பேச்சுதான். நான் பண்றேன். எப்பன்னு கேக்காத. பண்றேன்."

கடைசி மூட்டையை அவன் தூக்கட்டுமா என்று கேட்டான். அவள் கொடுத்தாள். மூன்று மாடிப் படியும் ஒருவர் பின்னால் ஒருவராக இறங்கினார்கள். வண்டிக்குப் பின்னால் யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஜன்னல் வழியே அவர்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பல்லுக்காரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

லிஃப்ட்காரன் அக்காவின் பக்கமாய் வந்து நின்றான்.

"அக்கா. அவ போன் பண்ணினா, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரலாமா?"

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வேண்டாம்" என்றாள்.

அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு, "சரிக்கா" என்று சொல்லி ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றான். வாதாடவில்லை. போகவும் இல்லை.

அக்கா கியரைப் போட்டாள். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டி, "இந்த ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இல்ல தம்பி. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வா" என்றாள்.

பல்லுக்காரி பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். அவன் ரோட்டு ஓரத்தில் நின்று, சரி சரி என்று வண்டி திரும்பும் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டில் கேட்கிறவர்களுக்கு நா எழட்டும். மறுக்கிறவர்களுக்குக் குரல் நடுங்காமல் இருக்கட்டும். மறுப்பைக் கேட்டவர்கள் கதவை அறையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். உங்கள் கூடத்தில் எப்போதும் இரண்டு பேர் ஆடுகிற சத்தம் கேட்கட்டும். நன்றாக இருங்கள்.